ஆபரேஷனுக்கு எடுத்த ரத்தத்தில் ‘ஹெச்ஐவி ரியாக்டிவ்’: ஓர் அக்காவின் கேள்விக்கு விரிவான பதில்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தம்பிக்கு 28 வயது, மும்பை தாராவியில் வேலை. குடலிறக்க ஆபரேஷனுக்காக ஊருக்கு வந்தவனுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் டாக்டர் அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டு, “ஹெச்ஐவி ரியாக்டிவ்னு வந்திருக்கு, இங்க ஆபரேஷன் பண்ண முடியாது, பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க” என்று அனுப்பிவிட்டார். தம்பிக்கு இன்னும் விஷயம் தெரியாது. ‘சுகர் கொஞ்சம் கூட இருக்காம்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். தை மாதம் மாமன் மகளோடு கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. ரிப்போர்ட் தப்பாக இருக்குமா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறதே, சித்த மருந்தில் குணமாகுமா, எத்தனை வருஷம் இருப்பான், கல்யாணத்தை என்ன காரணம் சொல்லி நிறுத்துவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

நான் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில், அதாவது ஹெச்ஐவி டெஸ்ட் எடுத்து ஆலோசனை சொல்கிற மையத்தில், ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வரிசை உங்கள் வரிசையாக இருக்காது.

தங்கச்சி, அந்த ரிசல்ட் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது உங்கள் தம்பியிடம். நம் பக்கத்தில் இது சகஜம். வாலிபப் பையனுக்கு ரிசல்ட் வந்தால் அக்காவிடமோ அப்பாவிடமோ சொல்வார்கள். பெண்ணுக்கு வந்தால் புருஷனிடம் சொல்வார்கள். 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. டெஸ்ட் எடுக்கும் முன் விஷயத்தை விளக்கி அவனிடம் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், ரிசல்ட்டை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும், ஹெச்ஐவியைக் காரணம் காட்டி ஆபரேஷன் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. மூன்றிலும் அந்த ஆஸ்பத்திரி தவறியிருக்கிறது. புகார் கொடுப்பதற்கு அந்தச் சட்டத்திலேயே வழி உண்டு. அதைப் பிறகு, அதுவும் தம்பி விரும்பினால், பார்த்துக்கொள்ளலாம். சட்டத்தை இப்போது எடுத்ததற்குக் காரணம் வேறு. அவனுக்குத் தெரியாமல் நீங்களும் மச்சானும் அம்மாவுமாக உட்கார்ந்து முடிவெடுக்கும் ஒவ்வொரு நாளும், பின்னால் அவன் உங்கள் மேல் வைக்கிற நம்பிக்கையைக் குறைக்கும். மாத்திரையை வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டியவன் அவன்தான்.

இனி ரிப்போர்ட். தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

ஆபரேஷனுக்கு முன்னால் பெரும்பாலும் போடுவது கார்டு டெஸ்ட். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதில் ஒரு சொட்டு ரத்தமும் இரண்டு சொட்டு மருந்தும் விட்டுக் கொஞ்ச நேரம் வைப்பார்கள். ஒரு கோடு வந்தால் டெஸ்ட் வேலை செய்திருக்கிறது, ரத்தத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு கோடு வந்தால் ரியாக்டிவ். இது சல்லடை போடுகிற டெஸ்ட். கிருமி இருப்பவரை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே செய்தது, அதனால் சில சமயம் இல்லாதவரையும் பிடித்துவிடும். கணக்குக்காக, நூற்றில் ஒருவருக்குத் தப்பாக இரண்டாவது கோடு காட்டும் கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இப்போதைய கிட்டுகள் இதைவிட நல்லவை). நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்குத்தான் ஹெச்ஐவி. ஆயிரம் பேருக்குப் போட்டால் அந்த இரண்டு பேருக்கும் கோடு வரும்; கிருமியே இல்லாத பத்துப் பேருக்கும் வரும். அதனால்தான் ஒரு கிட்டை வைத்து யாரையும் பாசிட்டிவ் என்று சொல்வதில்லை. நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகையான மூன்று கிட்டுகளில் பார்ப்பார்கள். மூன்றும் ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ். ஒன்றுக்கொன்று முரணாக வந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். ஒரு பைசா செலவில்லை.

அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். ‘அங்கே வேலை பார்க்கிற நர்ஸ் எங்க தெரு’ என்கிற பயம் இருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கே (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) போய்விடுங்கள். நெல்லைக்காரர்கள் ஆசாரிப்பள்ளத்துக்குப் போவதும், நாகர்கோவில்காரர்கள் இங்கே வருவதும், தூத்துக்குடிக்காரர்கள் இரண்டு பக்கமும் போவதும் நான் கண்ணாரக் கண்டது. எந்த ஊர்க்காரர் எந்த மையத்துக்கும் போகலாம்.

அவனிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். “அந்த ஆஸ்பத்திரியில எடுத்த ரத்தத்துல ஹெச்ஐவி டெஸ்ட் ஒண்ணு சந்தேகமா வந்திருக்காம். சுகர்னு சொன்னது பொய்தான், பயந்துட்டேன். நாளைக்கு ஹைகிரவுண்ட்ல போய் உறுதியா பாத்துருவோம், நான் கூட வாரேன்.” இவ்வளவு போதும். எப்படி வந்தது, யாரிடம் போனாய், அங்கே போய் இதைத்தான் செய்தாயா என்ற விசாரணை வேண்டாம். அதை ஆலோசகர் தனியறையில் கேட்பார், அதுவும் குற்றம் சாட்ட அல்ல, இன்னும் யாருக்கு டெஸ்ட் தேவை என்று தெரிந்துகொள்ள. உங்களால் சொல்ல முடியாது என்றால் ‘ரத்தத்தில் ஒரு சந்தேகம், மறுபடி பார்க்கணும்’ என்று கூட்டிக்கொண்டு வந்தால்கூடப் போதும், மீதியை அவர்கள் பக்குவமாகச் சொல்வார்கள். சொன்ன பிறகு ஒரு வாரம் அவனைத் தனியே விடாதீர்கள். வயல் வீடு என்றால் பூச்சிமருந்து டப்பாவை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். கொஞ்சம் மிகையாகத் தோன்றும், பரவாயில்லை. ரிசல்ட் வந்த முதல் சில நாட்கள்தான் ஆபத்தானவை. மருந்து தொடங்கி மூன்று மாதம் ஆனவர்கள் அப்படி ஒரு நினைப்பு வந்ததையே சொல்லிச் சிரிப்பார்கள். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 104 இருக்கிறது. ஹெச்ஐவி சந்தேகங்களுக்கு 1097. இரண்டும் கட்டணமில்லாதவை.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே பாய், ஒரே கக்கூஸ், ஆற்றில் சேர்ந்து குளிப்பது, மடியில் போட்டுக் கொஞ்சுவது, கொசுக்கடி, எதிலும் பரவாது. பரவும் வழிகள் நான்கே: பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமி உள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. சவரம் பண்ணுகிற பிளேடும் பல் தேய்க்கிற பிரஷும் தனியாக இருக்கட்டும். அது யாருக்குமே தனியாகத்தான் இருக்க வேண்டும். தட்டைத் தனியாக ஒதுக்கி வைத்தீர்களென்றால் பிள்ளைகள்தான் முதலில் கவனிப்பார்கள், அடுத்து தெரு.

மூன்று கிட்டிலும் பாசிட்டிவ் என்றே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்கு, எல்லோரும் சொல்கிற பெயரில் ஏஆர்டி சென்டருக்கு, அனுப்புவார்கள். ஹைகிரவுண்டிலேயே இருக்கிறது. பச்சை நிறத்தில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். சிடி4 எண்ணிக்கை (ஹெச்ஐவி தாக்கி அழிக்கிற, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் கணக்கு), ஹீமோகுளோபின், கல்லீரல், கிரியாட்டினின், மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் பார்ப்பார்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை என்று நான்கு கேள்வி கேட்பார்கள். அது டிபிக்காக. இந்த நான்குக்கும் பொய் சொல்லக் கூடாது. ஹெச்ஐவி உள்ளவர்களை இன்றைக்கும் அதிகமாகக் கொண்டுபோவது காசநோய்தான். உள்ளே டிபி இருக்கும்போது அது தெரியாமல் ஏஆர்டி தொடங்கினால் நிலைமை திடீரென மோசமாகலாம். டிபி இல்லை என்று தெரிந்தால் அது வராமல் தடுக்கவும் மாத்திரை தருவார்கள்.

முன்பு சிடி4 குறையட்டும் என்று காத்திருப்பார்கள். 2017 முதல் அந்தக் காத்திருப்பு கிடையாது, பாசிட்டிவ் என்றால் உடனே மருந்து. பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் அதற்குள்ளேயே. டிஎல்டி என்பார்கள். கிருமி நம் உயிரணுவுக்குள் புகுந்து தன்னைப் படியெடுக்கும் வேலையை முதல் இரண்டும் தடுக்கும். எடுத்த படியை நம் மரபணுவோடு ஒட்டவைக்கும் வேலையை மூன்றாவது தடுக்கும். புதுக் கிருமி உண்டாகாது. ஆனால் ஏற்கெனவே சில உயிரணுக்களுக்குள் போய் உறங்கிக் கிடக்கும் கிருமியை எந்த மருந்தும் தொடுவதில்லை. வயலில் கோரையை மேலோடு அறுத்துவிட்டாலும் கிழங்கு உள்ளே கிடப்பது மாதிரி. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே மறுபடி தழைத்துவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் இன்னும் மோசம், மருந்துக்கு மசியாத கிருமி உருவாகும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்த உடனே போட்டுக்கொள்ளலாம், ஆனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

முதல் சில வாரம் தலைவலி, வயிற்றுப் புரட்டல், தூக்கம் கெடுவது, விசித்திரமான கனவு வரலாம். தூக்கம் கெட்டால் காலையில் போடும்படி மாற்றித் தருவார்கள். எடை கூடும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலூசில் வகையறா, இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இவை டோலுடெகிராவிரை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. ஏஆர்டி மாத்திரையை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோ போட வேண்டும்.

சித்த மருந்துக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்க்காரி நான், சித்தத்தை இளப்பமாகப் பேச மாட்டேன். ஏஆர்டி கிடைக்காத காலத்தில் தாம்பரம் சானடோரியத்தில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று கொடுத்துக் கொஞ்சம் தெம்பாக வைத்திருந்தார்கள். கையில் வேறொன்றும் இல்லாத காலம் அது. அதனால் கிருமி போனதில்லை. இன்றைக்கு ‘48 நாளில் நெகட்டிவ் ஆக்குகிறேன்’ என்று எவராவது சொன்னால், தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் போய் ஏஆர்டியை நிறுத்தி, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர்களை ஆலோசகர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சத்துக்காக எதுவும் சாப்பிட ஆசைப்பட்டால் ஏஆர்டி டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடட்டும். அயச் செந்தூரத்தில் இரும்பு, சங்கு பற்பத்தில் சுண்ணாம்புச் சத்து. மேலே சொன்ன 2 மணி, 6 மணிக் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

எத்தனை வருஷம் இருப்பான் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதில் ஓடுவது பழைய படம் என்று தெரிகிறது. இந்தியாவில் ஹெச்ஐவி முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது; டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு 18 வருஷம் ஏழைகளுக்கு மருந்தே இல்லை. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலத்தில்கூட, எய்ட்ஸ் வந்துவிட்டால் கொடுக்க அரசிடம் மருந்து கிடையாது. 2004 ஏப்ரல் 1-இல்தான் நாட்டில் இலவச ஏஆர்டி தொடங்கியது, தாம்பரமும் தொடக்க இடங்களில் ஒன்று. நீங்கள் சின்ன வயதில் கேட்ட சாவுகள் அதற்கு முந்தியவை. 28 வயதில், சிடி4 ரொம்பக் குறையும் முன் தொடங்கி, விடாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுள் இருக்கலாம். முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றுகிற ஓர் அம்மா, மருந்து வந்த புதிதிலேயே சாப்பிடத் தொடங்கியவர். மாத்திரை டப்பா பஸ்ஸில் கடகடவென்று சத்தம் போடுகிறது, பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார் என்று டப்பாவுக்குள் ஒரு துண்டுத் துணியைத் திணித்துக்கொண்டு போவார். வீட்டில் பீடித்தட்டுக்கு அடியில் டப்பா இருக்கும், ராத்திரி கடைசிக் கட்டுக்கு நூல் சுற்றி முடித்ததும் ஒன்றைப் போட்டுக்கொள்வார். இப்போது பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். (துணி வைத்தது சரி. மாத்திரையை மட்டும் வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். உள்ளே கிடக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு அதே டப்பாவில் இருக்க வேண்டும்.)

இப்போது கல்யாணம். இதைத்தான் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள், இதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன்.

தை மாதக் கல்யாணம் நடக்கக் கூடாது. ஒத்திவைக்கக் காரணம் தேடவே வேண்டாம், குடலிறக்கமே போதும். ஆபரேஷன் முடிந்து சில வாரம் கனமான எடை தூக்கக் கூடாது என்பது உண்மையும்கூட. ஆனால் அது அவகாசம் வாங்கத்தான். ‘சொந்தத்துக்குள்ளதான, கட்டி வச்சிட்டா பொறவு சமாளிச்சிக்கிடலாம்’ என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்வார்கள், சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர்களிடம் கறாராக இருங்கள். தனக்கு ஹெச்ஐவி இருப்பது தெரிந்தவர் அது மற்றவருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உறவுக்கு முன் துணையிடம் சொல்வதும் அதற்கான வழிகளில் ஒன்று என்று நான் மேலே சொன்ன அதே சட்டம் சொல்கிறது. மறைத்து நடத்திய கல்யாணத்தை மோசடி என்று நீதிமன்றம் ரத்து செய்யலாம். சட்டத்தை விடுங்கள், மாமன் மகள் கர்ப்பமாகி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அங்கே முதல் தடவையே இந்த டெஸ்ட் உண்டு. அவளுக்கு அப்போதா தெரிய வேண்டும்?

அதே சமயம், மாமா வீட்டில் நீங்கள் போய்ச் சொல்லவும் கூடாது. சொல்ல வேண்டியவன் தம்பி, சொல்ல வேண்டிய ஆள் அந்தப் பெண். கல்யாணமே வேண்டாம் என்று அவன் விலகிக்கொண்டால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்றால், அவளை ஆலோசகரிடம் கூட்டிவந்து, எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவளே முடிவெடுக்கட்டும். ஊர் வாய்க்குப் பயந்து அவசரமாக இன்னொரு பெண்ணைப் பார்க்க மட்டும் தொடங்காதீர்கள்.

‘அப்போ அவனுக்குக் கல்யாணமே கிடையாதா’ என்றால், உண்டு. மருந்து தொடங்கி ஆறாவது மாதம் வைரல் லோடு பார்ப்பார்கள், ரத்தத்தில் எவ்வளவு கிருமி என்று. ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு மெஷினே பிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருக்கும். அப்படி இறங்கி, அப்படியே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளை ஐரோப்பாவில் வருஷக் கணக்கில் கவனித்து 2016-இலும் 2019-இலும் வெளியிட்ட ஆய்வுகளில், ஆணுறை இல்லாத உறவில்கூட, கிருமி அடங்கிய துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. எங்கள் மையத்திலேயே புருஷனுக்கு இருந்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லாத குடும்பங்கள் உண்டு. தாய்க்கே இருந்தாலும், மருந்தே இல்லாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்கு வரக்கூடியது, கர்ப்ப காலத்திலேயே மருந்து சாப்பிட்டுக் குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே போய்விடுகிறது. தனக்கு இருப்பது போலவே இருக்கும் பெண்ணைத் தேடிக் கட்டிக்கொள்பவர்களும் உண்டு. ஹெச்ஐவி உள்ளவர்களே சேர்ந்து நடத்துகிற ‘பாசிட்டிவ் நெட்வொர்க்’ அமைப்புக்காரர்கள் வரன் பார்த்துத் தருகிறார்கள்.

நம்பிக்கை மையத்தில் நெகட்டிவ் என்று வந்துவிட்டால் சந்தோஷம்தான். ஆனாலும் கடைசி மூன்று மாதத்துக்குள் பாதுகாப்பில்லாத உறவு ஏதும் இருந்திருந்தால், கிருமிக்கு எதிரான சத்து ரத்தத்தில் ஊற அவ்வளவு நாள் ஆகலாம், ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்றையும் அவன் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்: அப்படி ஓர் ஆபத்து நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் 28 நாளைக்குத் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. மூன்று நாள் தாண்டினால் பிரயோஜனம் இல்லை. அடிக்கடி ஆபத்துக்கு ஆளாகிறவர்கள் முன்கூட்டியே தினமும் போட்டுக்கொள்கிற மாத்திரையும் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆணுறை நம்பிக்கை மையத்திலேயே சும்மா கிடைக்கும்.

குடலிறக்கத்தை மறந்துவிடாதீர்கள். ரிசல்ட் எதுவானாலும் அந்த ஆபரேஷன் நடக்க வேண்டியதுதான், ஹைகிரவுண்டிலேயே செய்வார்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்போடு செய்ய வேண்டும் என்பதுதான் விதி, இவனுக்கென்று தனி முறை இல்லை. இடையில் வீக்கம் உள்ளே போகாமல் கல்லு மாதிரி நின்று, வலியும் வாந்தியும் வந்தால் அது அவசரம். ஹெச்ஐவி ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அந்த நேரமே கூட்டிக்கொண்டு ஓடுங்கள்.

மும்பைக்குத் திரும்ப வேண்டுமே, மருந்து எங்கே வாங்குவான் என்று யோசிக்க வேண்டாம். தாராவிக்குப் பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரியிலேயே ஏஆர்டி மையம் இருக்கிறது. இங்கிருந்து மாற்றல் கடிதம் வாங்கிக்கொண்டு பச்சைப் புத்தகத்தோடு போனால் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். உடம்பு நிலைப்பட்ட பிறகு மூன்று மாத மருந்தை மொத்தமாகவே தருகிறார்கள். ஆனால் முதல் சில மாதம் இங்கேயே இருந்து, பக்க விளைவு ஏதாவது வருகிறதா என்று பார்த்து, ஆபரேஷனையும் முடித்துக்கொண்டு போவது நல்லது. ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். ஹைகிரவுண்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அந்தத் தனியார் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஸ்கேன், அவனுடைய ஆதார், அவன் இப்போது சாப்பிடுகிற மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் அறைக்குள் அவன் மட்டும் போகட்டும். அவன் கூப்பிட்டால் நீங்கள் உள்ளே போங்கள்.